ஒலிபெருக்கியில் சொல்லக் கூடாத கேள்வி

நான் வேலை பார்த்த ஆஸ்பத்திரியின் நர்சிங் பள்ளியிலிருந்து போன மாதம் கூப்பிட்டார்கள். பிள்ளைகளுக்கு ஏதாவது பேச வேண்டுமாம். போனேன். மேடையில் உட்கார வைத்துச் சால்வை போர்த்தினார்கள். குன்னூர்க் குளிரில் அது ஒன்றுதான் உருப்படியான காரியம். பிறகு கையில் ஒரு பளபளப்பான தாளைக் கொடுத்தார்கள். 'நோயாளி கருணைக் கொலை பற்றிக் கேட்டால் கூற வேண்டியவை' என்று மேலே போட்டிருந்தது. 'உங்கள் உணர்வுகளை நான் புரிந்துகொள்கிறேன்' என்பது முதல் பதில்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. எனக்குக் கோபம் வருவது பெரிய விஷயமில்லை. பால் பாக்கெட் தாமதமாக வந்தாலே வரும். ஆனால் இது வேறு. வாயில் புற்று வைத்துக் கிடக்கிற மனுஷன் 'என்னைக் கொன்னு போடுங்க' என்று கேட்கும்போது இந்த வாக்கியத்தைச் சொல்லிப் பாருங்கள். பக்கத்திலிருக்கும் எச்சில் கிண்ணத்தை எடுத்து எறிவான். எறிந்தால் நான் அவன் பக்கம்.

மேடையில் பேசியது அரைகுறை. அதனால் ஆண்டு மலருக்கு எழுதித் தரச் சொன்னார்கள். எழுதியிருக்கிறேன். மென்மையாக்கிப் போடுவதானால் போடவே வேண்டாம்.

நான் சாமியார் இல்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஆண் நர்ஸை ஆஸ்பத்திரியில் 'பிரதர்' என்று கூப்பிடுவது வழக்கம். எங்கள் ஆஸ்பத்திரியை நடத்தியது கன்னியாஸ்திரிகள். அதனால் பாதி ஊர் என்னைத் துறவி என்றே நினைத்தது. என் கல்யாணப் பத்திரிகையைக் கொடுத்தபோது ஒரு பெரியவர் அதிர்ச்சியில் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். என் அப்பா அவிநாசிப் பக்கத்திலிருந்து வந்து குன்னூர் பஜாரில் மளிகைக் கடை வைத்தவர். வாரா வாரம் பழனி முருகனுக்குச் சூடம் காட்டுகிற குடும்பம். கோயம்புத்தூரில் நர்சிங் படித்தேன். படுக்கை விரிக்கவும் ஊசி போடவும் திட்டு வாங்கவும் கற்றுக்கொண்டேன். படிப்பைப் பற்றிச் சொல்ல அவ்வளவுதான். மீதியெல்லாம் மேட்ரன் சிஸ்டர் கொர்னேலியா.

தூத்துக்குடிக் கடற்கரைக்காரர். குட்டையான உருவம், தடித்த கண்ணாடி. பேச்சில் உப்புக் காற்று. இந்த மலையின் குளிர் கடைசி வரை அவருக்குப் பிடிக்கவில்லை. அங்கிக்குள் ஆண்கள் போடும் கம்பளி ஸ்வெட்டர் ஒன்றைப் போட்டிருப்பார். நடந்து வரும்போது ஒரு துணி மூட்டையே நடந்து வருவது மாதிரி இருக்கும். மார்பில் ஊக்கு குத்தி ஒரு கடிகாரம் தொங்கும். நாடி பார்க்க எல்லா சிஸ்டர்களும் அப்படித்தான் வைத்திருந்தார்கள்.

சாவைப் பற்றி ஒரு நோயாளி வாயெடுத்தால் மேட்ரன் ஒரு காரியம் செய்வார். ஊக்கைக் கழற்றிக் கடிகாரத்தை அங்கிப் பைக்குள் போடுவார். அப்புறம் ஸ்டூலை இழுப்பார். உட்காருவார். தலை நோயாளியின் தலை மட்டத்துக்கு வந்த பிறகுதான் வாயைத் திறப்பார். அதுவரை கேள்வி காத்திருக்கும்.

"நின்னுகிட்டுப் பதில் சொன்னா, போகப் போறேன்னு அர்த்தம். கடிகாரம் தெரிஞ்சா, எப்பப் போவேன்னு அர்த்தம்" என்பார். "பதில் சொல்லுத அவசரம் நமக்குத்தாம்ப்பா. கேட்டவருக்கு இல்ல."

அவர் சொன்ன இன்னொன்று. ஒரே கேள்வியை எல்லோரும் கேட்பார்கள், ஆனால் எல்லோருக்கும் ஒரே வியாதி இல்லை.

ஹெட் கிளார்க் சுப்பண்ணன் என்று ஒருவர் இருந்தார். பக்கவாதம் வந்து இடது கை விழுந்துவிட்டது. எஸ்டேட் ஆபீசில் எல்லோரையும் மிரட்டியே பழகிய மனுஷன். தினமும் காலையில் என்னைப் பார்த்ததும் ஆரம்பிப்பார்.

"ஏனுங்க பிரதர், இன்னிக்காவது அந்தப் பெரிய ஊசி உண்டுங்களா? ஒரே போடு, வேலை முடிஞ்சுது."

"ஸ்டாக் இல்லீங்க" என்பேன் நான்.

"என்ன ஆஸ்பத்திரி நடத்தறீங்கோ! நம்ம ஆபீசா இருந்தா இன்டெண்ட் போட்டு ஒரே வாரத்துல வரவச்சிருப்பேன்."

இதை மேட்ரன் ஒரு நாள் கேட்டுவிட்டார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். "அவருக்கு அது சரி" என்றார். "அவரு ஊசி கேக்கல, சண்டைக்கு ஆள் கேக்காரு. ஆனா அடுத்த கட்டில்ல போயி அதையே சொல்லாத." சுப்பண்ணன் கைத்தடியோடு நடந்து வீட்டுக்குப் போனார். அதற்குப் பிறகு ரொம்ப வருஷம் இருந்தார். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் ஊட்டி வர்க்கிப் பொட்டலத்தோடு வந்து, வார்டு வாசலில் நின்று, "ஸ்டாக் வந்துச்சுங்களா?" என்று கத்துவார். புது நர்ஸ்கள் பயந்து போவார்கள்.

அடுத்த கட்டில் என்று மேட்ரன் பொதுவாகச் சொன்னார். ஆனால் அப்படி ஒரு கட்டில் வந்தே விட்டது.

மாரப்பன் ஜெகதளாப் பக்கம் ஒரு எஸ்டேட்டில் பங்களா வாட்ச்மேன். வாயில் புகையிலை அடக்கியே வாழ்ந்தவர். கன்னத்தில் புற்று வந்து வெளியே உடைத்துக்கொண்டது. கோயம்புத்தூரில் பார்த்துவிட்டு, இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அவர் மனைவி ராக்கம்மா அதே எஸ்டேட்டில் கொழுந்து பறிக்கிறவர். வேலை முடிந்து, இடுப்பில் கட்டிய சாக்கைக்கூட அவிழ்க்காமல் பஸ் பிடித்து வருவார்.

ஒரு காலையில் புண்ணுக்குக் கட்டு மாற்றிக்கொண்டிருந்தேன். பழைய துணியைச் சடக்கென்று பிய்க்கக் கூடாது. உப்புநீரை ஊற்றி ஊற வைத்து, அது தானாகவே கழன்று வரும் வரை பொறுக்க வேண்டும். அப்படிப் பொறுத்துக்கொண்டிருக்கும்போது மாரப்பன் சொன்னார்:

"பிரதர், எங்க தொரை ஊட்டு நாய் ஒண்ணு இருந்துச்சுங்க. வயசாயி, பின்னங்கால் விழுந்துபோச்சு. ஊட்டியிலிருந்து மாட்டு டாக்டர் வந்தாருங்க. ஒரு ஊசி. என்ற கையில தலைய வச்சே தூங்கிப் போச்சுங்க. ஒரு முக்கல் இல்ல, முனகல் இல்ல." வாயில் ஊறியதைத் துடைத்துவிட்டேன். "நாய்க்குச் செஞ்சத எனக்குச் செய்யக் கூடாதுங்களா?"

இன்றைக்கும் அதைவிட நேரான கேள்வியை நான் கேட்டதில்லை. தட்டைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்ற சிஸ்டர் ரெஜினாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. மடத்தில் சேர்ந்து கொஞ்ச காலமே ஆன பெண். தங்கமான மனசு. கிட்டார் வாசிப்பார்.

இடுக்கியைக் கீழே வைத்தேன். ஸ்டூலில் உட்கார்ந்தேன். "இருங்க, மேட்ரனக் கூட்டிட்டு வரச் சொல்றேன். நான் இங்கயே இருக்கேன்" என்றேன்.

மேட்ரன் வந்தார். கடிகாரம் பைக்குள் போனது. நான் எழுந்து ஸ்டூலைக் கொடுத்தேன். மாரப்பன் நாய்க் கதையை மறுபடியும் முழுசாகச் சொன்னார். மேட்ரன் குறுக்கே பேசவில்லை.

"அத நான் செய்ய மாட்டேன் மாரப்பன். இங்க யாரும் செய்ய மாட்டாக. வெறுமனே நம்பிக்கையக் குடுத்து உங்கள ஏமாத்தக் கூடாதுல்லா, அதான் மொதல்லயே சொல்லுதேன்."

"சாமி குத்தமுங்களா அம்மா?"

"என் சாமிக்கு ஆகாது. உங்க சாமிகிட்ட நான் பேசினதில்ல. ஆனா கேட்டதுல ஒரு குத்தமும் இல்ல. நாளைக்கும் கேளுங்க. நாளைக்கும் வந்து உக்காருவேன். கேட்டுட்டீகளேன்னு உங்கள விட்டுட்டுப் போக மாட்டேன்." பிறகு சாதாரணமாகக் கேட்டார்: "இன்னைக்கு எது ரொம்பப் படுத்துது?"

மாரப்பன் யோசித்தார். "வலிதானுங்க. அப்பறம்…" என்று இழுத்தார். அதற்குள் பிரசவ வார்டிலிருந்து ஆள் ஓடி வந்து மேட்ரனைக் கூப்பிட்டார். ஒரு அவசரக் கேஸ், கோயம்புத்தூருக்குக் கூடவே போக வேண்டும். "மீதிய நாளைக்குச் சொல்லணும். மறந்துராதீக" என்று மாரப்பனிடம் வாக்கு வாங்கிக்கொண்டு போனார்.

அன்று சாயந்தரம்தான் அந்தக் கூத்து.

எங்கள் சிற்றாலயம் வார்டுக்கு மேலே சரிவில் இருக்கிறது. எழுந்து நடக்க முடியாதவர்களும் ஜெபம் கேட்கட்டும் என்று வார்டு வராந்தாவில் ஒரு குழாய் ஒலிபெருக்கி கட்டியிருந்தார்கள். சாயந்தர ஜெபத்தில் நோயாளிகளைப் பெயர் சொல்லி வேண்டுவது வழக்கம். 'காய்ச்சலில் இருக்கும் பெள்ளிக்காக', 'நாளை ஆபரேஷன் ஆகும் ஜோசப்புக்காக' என்று. இந்து, கிறிஸ்தவர், படகர் என்ற வித்தியாசமில்லாமல் எல்லோருக்கும் அது பிடிக்கும். தன் பெயர் வரவில்லை என்று கோபித்துக்கொண்டவர்கள்கூட உண்டு.

அன்றைக்கு வேண்டுதல் சொன்னது சிஸ்டர் ரெஜினா. குழாயில் அவர் குரல் கணீரென்று வந்தது: "உயிரை வெறுத்து, நாயைப் போல ஊசி போட்டுக் கொல்லும்படி கேட்கும் எங்கள் சகோதரர் மாரப்பனின் மனம் மாறும்படியாக…"

பக்கத்துக் கட்டில்காரன் எட்டிப் பார்த்தான். எதிர்க் கட்டிலில் கிடந்தவர் எழுந்தே உட்கார்ந்துவிட்டார். மாரப்பன் போர்வையை முகத்துக்கு இழுத்துக்கொண்டார். வராந்தாப் படியில், பஸ்ஸிலிருந்து இறங்கி அப்போதுதான் வந்த ராக்கம்மா, டிபன் தூக்கோடு நின்றுகொண்டிருந்தார்.

நான் ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு வராந்தாவுக்கு ஓடினேன். ஏறினேன். குழாயின் ஒயரைப் பிடுங்கினேன். ஜெபம் பாதியில் அறுந்தது. கோயிலுக்குள் அவர்கள் பாட்டுக்குப் பாடிக்கொண்டிருந்தார்கள். இதற்காக இன்றைக்கும் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது. ஒரு நிமிஷம் முன்னால் பிடுங்கியிருக்கலாம் என்பதைத் தவிர.

ராக்கம்மா கட்டிலுக்குப் போனார். குரலை உயர்த்தவில்லை.

"ஏனுங்க, என்னைய உட்டுட்டுப் போறதுக்கு மருந்து கேட்டீங்களாமா? ஊரே கேக்குது. என்றகிட்ட ஒரு வார்த்தை சொல்லோணும்னு தோணலீங்களா?"

தூக்கை வைத்துவிட்டு அவர் வராந்தாவில் போய் உட்கார்ந்துகொண்டார்.

சிஸ்டர் ரெஜினா அழுதுகொண்டே வந்தார். "ஜெபம்தானே பண்ணேன் பிரதர்? மறைச்சு வச்சா அவருக்கு யாரு ஜெபிப்பா?"

"பேப்பர்லயும் போட்டிருக்கலாமே சிஸ்டர். இன்னும் நிறையப் பேர் ஜெபிச்சிருப்பாங்க" என்றேன். கொடூரமாகத்தான் சொன்னேன். சொல்ல வேண்டியதைத்தான் சொன்னேன்.

ஆனால் உண்மையான கேடு மறுநாள்தான் தெரிந்தது. "வலி எப்படி இருக்கு?" என்று டாக்டர் கேட்டார். "இல்லீங்க, நல்லாருக்கேன்" என்றார் மாரப்பன். டாக்டருக்கு மார்ஃபின் என்றாலே பயம். கொடுத்துச் செத்துவிட்டால் நாமே கொன்றதாகிவிடும் என்ற பயம். வலியில்லை என்று நோயாளியே சொன்னால் விடுவாரா? எப்போதாவது போட்டுவந்த அந்த ஊசியையும் சந்தோஷமாக நிறுத்திவிட்டார். கட்டிலின் இரும்புக் கம்பியை மாரப்பன் பிடித்திருந்த பிடியில் விரல்களெல்லாம் வெளுத்துக் கிடந்தன. அவர் வாயே திறக்கவில்லை. திறந்தால் சாயந்தரம் குழாயில் வரும் என்று அவருக்குப் பயம். கேள்வியை அடக்கப் போய் அதோடு வலியையும் சேர்த்து அடக்கிவிட்டார்.

மேட்ரன் திரும்பி வந்ததும் எல்லாவற்றையும் கொட்டினேன். கத்தினேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். கடைசி வரை கேட்டுவிட்டு அவர் முதலில் கேட்டது: "ஒயரப் பிடுங்கினது யாரு?"

"நான்தான்."

"நல்லது. பிடுங்கினவந்தான் மாட்டணும். நான் சொல்லுத அன்னைக்கு நீயே ஏறி மாட்டுவ. எலக்ட்ரீஷியனக் கூப்பிட மாட்டேன். அதுவரைக்கும் அது அப்படியே கெடக்கட்டும்."

சிஸ்டர் ரெஜினாவை அவர் எங்கள் முன்னால் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கையைப் பிடித்து மாரப்பன் கட்டிலுக்கு அழைத்துப் போனார். ஸ்டூலில் உட்கார வைத்தார். "உங்க பேச்சை வெளிய சொன்னது தப்புங்க" என்றார் அந்தப் பெண். மாரப்பன் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். மேட்ரனுக்கும் அதே சுவர்தான். தினமும் கடிகாரத்தைக் கழற்றிவிட்டுப் போய் உட்கார்ந்தார். பேச்சில்லை. உட்கார்ந்தார், எழுந்து வந்தார்.

எனக்கு அவ்வளவு பொறுமை கிடையாது. ஒரு நாள் புண்ணின் கட்டை ஊற வைத்துவிட்டு, என்ன பேசுவதென்று தெரியாமல் கேட்டேன்: "அந்த நாய் பேரு என்னங்க?"

சுவரைப் பார்த்தபடியே, "ராணிங்க" என்றார்.

"கடிக்குமா?"

"மேனேஜர்களக் கடிக்கும். லேபரக் கடிக்காதுங்க."

சிரித்துவிட்டேன். அவருக்கும் அந்தப் பாதிக் கன்னத்தில் ஏதோ அசைந்தது.

"ஊசி போடறப்ப நீங்க ஏன் புடிச்சீங்க? வேற ஆளில்லையா?"

"வேற யாரு கைய வச்சாலும் பயப்படுமுங்க. நான் புடிச்சா பயப்படாது." பிறகு தாழ்ந்த குரலில் கேட்டார்: "பிரதர், இது கொழாய்ல வராதுங்களே?"

"ஒயரப் பிடுங்கியாச்சு. நீங்க பாத்தீங்கல்ல?"

"பாத்தேன்." என் பக்கம் திரும்பினார். "வலி தாங்க முடியலீங்க. ஆனா அதவிடப் பெருசு நாத்தமுங்க. ராக்கு கால்மாட்டுலதான் உக்காருவா. முக்காட்ட இழுத்து மூக்கப் பொத்திக்குவா. நான் பாக்கறேன்னு தெரிஞ்சா எடுத்துடுவா. நாப்பது வருசமா ஒரு பாயில படுத்தவ. அவ மூக்கப் பொத்தறதப் பாத்துட்டு எதுக்குங்க இருக்கோணும்?"

மேட்ரனிடம் அன்று அவர் இழுத்த 'அப்பறம்' இதுதான்.

நாற்றத்துக்கு நாங்கள் செய்துகொண்டிருந்தது என்ன தெரியுமா? யூகலிப்டஸ் தைலத்தைத் துணியில் நனைத்து அவர் கட்டிலைச் சுற்றிக் கட்டியிருந்தோம். நீலகிரியில் எதற்கும் தைலம்தான். அது நாற்றத்தை மறைக்கவில்லை. இங்கே நாற்றம் இருக்கிறது என்று வார்டுக்கே விளம்பரம் செய்தது.

மாரப்பனிடம் கேட்டுக்கொண்டு மேட்ரனிடம் சொன்னேன். மேட்ரன் அன்றே டாக்டரைப் பிடித்தார்.

"வேளா வேளைக்கு மார்ஃபின் எழுதுங்க டாக்டர். அவர் கேக்கதுக்கு முன்னாலயே குடுக்கணும்."

"சிஸ்டர், அளவு கூடிட்டா? உங்க சபையே ஒத்துக்காதே."

"எங்க சபை என்ன ஒத்துக்கும்னு நான் பாத்துக்கிடுதேன். வலிக்கு ஏத்த அளவா ஆரம்பிச்சு, பாத்துப் பாத்துக் கூட்டப் போறோம். அது கொல்லுத மருந்து இல்ல, வலிக்கு மருந்து. வலியில கெடக்கவர ஜெபம் பண்ணச் சொல்லுததுக்கு என்னைய யாரும் சாமியாரிணி ஆக்கல."

டாக்டர் எழுதினார். நாற்றத்துக்கு, வயிற்றுப்போக்குக்குக் கொடுப்போமே, அந்த மெட்ரனிடசோல் மாத்திரையைப் பொடித்துப் புண்ணில் தூவச் சொன்னார். மாவு மாதிரி நைசாகப் பொடிக்க வேண்டும். கல்லும் கரடுமாக இருந்தால் புண்ணில் உறுத்தும். அதைப் பொடித்துக் கொடுத்தது சிஸ்டர் ரெஜினா. யாரும் சொல்லவில்லை. தானாக வந்து சின்ன உரலைக் கையில் எடுத்துக்கொண்டார். கிட்டார் வாசித்த விரல்கள், நன்றாகவே பொடித்தன. தைலத் துணிகளை நான் அவிழ்த்து அடுப்பில் போட்டேன்.

நாற்றம் ஒரே நாளில் போகவில்லை. குறைந்தது, மேலும் குறைந்தது. ஒரு நாள் பக்கத்துக் கட்டில்காரன் மாரப்பனோடு தாயக்கட்டை ஆடக் கேட்டு வந்தான். ராக்கம்மா கால்மாட்டிலிருந்து இடுப்புப் பக்கம் நகர்ந்தார். பிறகு தலைமாட்டுக்கு. முக்காடு தோளிலேயே கிடந்தது. இதையெல்லாம் யாரும் பேசிக்கொள்ளவில்லை. ஆனால் மாரப்பன் பார்த்தார். நானும் பார்த்தேன்.

அதோடு சாக வேண்டும் என்ற நினைப்பு அவருக்குப் போய்விட்டது என்று எழுதினால் அது பொய். போகவில்லை. கடைசி வாரத்தில், பட்டப்பகலில், வெளியே மூடுபனி ஏறிக்கொண்டிருந்த மத்தியானத்தில், மேட்ரன் ஸ்டூலில் இருக்க, லீவு போட்டுவிட்டு வந்த ராக்கம்மா பக்கத்தில் இருக்க, நான் நிற்க, மாரப்பன் சத்தமாகவே கேட்டார்:

"அம்மா, ராணிக்குப் போட்ட ஊசி இன்னும் இல்லீங்களா?"

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. கிறுக்கன் என்று நினைப்பீர்கள். நினைத்துக்கொள்ளுங்கள். அந்த மனுஷன் மறுபடியும் கேட்டுவிட்டார். எல்லோர் முன்னாலும், மனைவி முன்னாலும், பயப்படாமல்.

"இல்ல மாரப்பன். அதே பதில்தான்" என்றார் மேட்ரன்.

ராக்கம்மா சிரித்தார். "ஊசி இல்லீனா போகட்டும் உடுங்க. தலைய நான் புடிச்சுக்கறேன். அவருக்கு அது போதுமுங்க" என்று கட்டிலில் ஏறிச் சம்மணம் போட்டு உட்கார்ந்து, கட்டுப் போட்ட அந்தத் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். கட்டிலில் உட்காரக் கூடாது என்பது வார்டு விதி. நான் மேட்ரனைப் பார்த்தேன். மேட்ரன் ஜன்னலைப் பார்த்தார்.

இரண்டு நாள் கழித்து அப்படியே, அந்த மடியில்தான் போனார். ஊசியால் இல்லை. வியாதியால், அதன் நேரத்தில். முக்கல் இல்லை, முனகல் இல்லை.

உடம்பைக் கழுவித் துடைத்து முடித்தோம். எஸ்டேட் லாரிக்காகக் காத்திருந்தபோது ராக்கம்மா வராந்தாவில் வந்து நின்று மேலே பார்த்தார். ஒயர் பிடுங்கிய குழாய் அப்படியே தொங்கியது.

"பிரதர், சாயந்தரம் பூசைக்கு அந்தச் சின்ன சிஸ்டரையே சொல்லச் சொல்லுங்க. எங்கூட்டுக்காரர் பேரச் சொல்லி. வலியில்லாமப் போனாருன்னு. ராக்கு மடியில போனாருன்னு. அன்னிக்குக் கேட்டவங்கல்லாம் இதையும் கேக்கோணுமுங்க."

பின்னால் மேட்ரன் நின்றிருந்தார். என்னைப் பார்த்தார், ஸ்டூலைப் பார்த்தார்.

ஏறி மாட்டினேன்.